அவள் ஏறும் பக்கம் மட்டும் உயரம்

2014 ஆகஸ்ட் 20, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் அணைத்தேன். பால் காய்ச்சினேன். இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கி, விழுங்கியதை நாட்காட்டியில் குறித்தேன். நாளிதழை மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்தேன். பிறகு, அந்த வாரம் என் காலை ஒழுங்கில் புதிதாகச் சேர்ந்திருந்த வேலைக்கு வந்தேன். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய், போர்ட்டிகோவில் நின்ற காரின் முன் சக்கரத்தருகே முழங்கால்படியிட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே கேட்டைப் பிடித்தபடி நின்று பார்த்தார்.

"என்ன சார், காருக்கும் காலை ஜெபமா?"

"அளவு பாக்குறேன்."

"நேத்தும் பாத்தீங்களே. ராத்திரில வளந்திருக்கும்ங்கறீங்களா?"

டேப்பை இழுத்துப் பிடித்தேன். வலது முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டு வளைவு தரையிலிருந்து 690 மில்லிமீட்டர். இடது முன் சக்கரத்துக்கு 712. நேற்றும் அதேதான். கார் வலப்பக்கமாகச் சாய்ந்து, காதில் தண்ணீர் புகுந்தவன் தலையைச் சாய்த்து நிற்பதுபோல் நின்றது. தாழ வேண்டிய பக்கம் இடது. அதற்காகத்தான் இத்தனையும் செய்திருந்தேன்.

இத்தனையும் என்றால் என்னென்ன என்று சொல்ல வேண்டும். நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன். பிறர் செய்த தவறைக் கண்டுபிடித்துப் பத்தி பத்தியாக எழுதுவதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. மகள் சிங்கப்பூரிலும் மகன் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒன்றாக ஊருக்கு வந்தால் ஒரே வண்டியில் போகலாம் என்று ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றை வாங்கினேன். வாங்குமுன் நான்கு வண்டிகளை ஒப்பிட்டுக் கட்டம் போட்டு எழுதினேன். தஞ்சாவூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நிற்கும் என்பதால், தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள உயரத்துக்கு அதிக மதிப்பெண் கொடுத்தேன். முதலிடம் பெற்ற வண்டியே வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இன்னும் வரவில்லை. ஏழு இருக்கையில் இரண்டில் நாங்கள் உட்காருவோம். மற்ற ஐந்துக்கும் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

வண்டி வந்த இரண்டாம் வருடம் என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நடப்பாள். நாற்காலியில் தானாக உட்காருவாள், எழுந்திருப்பாள். என் வண்டியில் ஏறுவதுதான் முடியாது. சின்ன வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம். அதில் சுலபமாக விழுந்துவிடுவாள், எழுந்திருக்க முடியாது, கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் கை கொடுத்து இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். அதில் ஒரு கால், வண்டியில் ஒரு கால் என்று நடுவில் அவள் நிற்கும்போது முக்காலி நகர்ந்தது. அதோடு அதையும் விட்டோம்.

அப்புறம் திருத்துறைப்பூண்டியில் ஒரு புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் நல்ல மனதோடு வந்து, "சித்தி, நீங்க பேசாம இருங்க" என்று ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். "ஆங்... மெதுவா... மூட்டை சரியுதுடா" என்று ஒருவன் சிரித்தான். மூன்றாமவன் அதைக் கைப்பேசியில் பிடித்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சிங்கப்பூரிலிருந்து சிரிக்கும் முகங்கள் வந்தன. அமெரிக்காவிலிருந்து கட்டைவிரல் வந்தது. அன்றிலிருந்து அவள் என் வண்டியில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குக்கூட நடந்தே போனாள்.

இந்த நிலையில்தான் நாகப்பட்டினத்தில் கல்யாணம். அவளுடைய அக்கா மகளுக்கு. தகப்பன் இல்லாத பெண். தஞ்சாவூரில் கல்லூரி படித்த காலம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் என் மனைவிதான். "சித்தி பக்கத்துல நின்னாதான் நான் கோயிலுக்குள்ள காலை வைப்பேன்" என்று அந்தப் பெண் போனில் சொல்லியிருந்தது. கல்யாணம் வியாழக்கிழமை காலை. அதாவது மறுநாள்.

என் மனைவிக்குச் சரியான உயரம் எது என்று ஒரு மாதம் முன்பே அளந்துவிட்டேன். சாப்பாட்டு மேசை நாற்காலிதான் அது. அதற்கும் வண்டியின் இருக்கைக்கும் நாற்பது மில்லிமீட்டர் வித்தியாசம். இதை ஷார்ஜாவில் கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் என் தங்கை மகனிடம் சொன்னேன்.

"மாமா, வண்டியையே தாழ்த்திடலாமே. இங்க பசங்க ஸ்டைலுக்குக் குட்டை ஸ்பிரிங் போட்டு ஓட்டுறாங்க. உங்க வண்டிதான் இங்கயும் ஓடுது. அதுக்கும் இருக்கு. நாப்பது மில்லிதான் இறங்கும்."

நாற்பது என்ற எண் என்னை மயக்கிவிட்டது. முத்துப்பேட்டைக்கு விடுமுறையில் வந்த ஒருவர், பேரீச்சம்பழத்துக்கும் பால் பவுடருக்கும் நடுவே, கம்பளியில் சுற்றி நான்கு ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து சேர்த்தார். முன்பக்கத்து இரண்டிலும் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது: ஒன்றில் எல், ஒன்றில் ஆர். சீட்டு உரிந்து போனால் என்ன செய்வது என்று, வெள்ளை மார்க்கரால் 'இடது', 'வலது' என்று நானே பெரிதாக எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை பட்டறையில் மாட்டினார்கள். பட்டறைக்காரருக்கு என் வயது இருக்கும். வாய் ஓயாதவர்.

"சார், காலேஜ் பசங்கதான் இதைக் கொண்டாருவாங்க. பையன் வண்டியா?"

"என் வண்டி."

"அப்ப அடுத்து சைலன்சரை மாத்தணும். பின்னாடி கண்ணாடில எதாச்சும் பேரு எழுதணும். யார் பேரு சார்?"

"என் சம்சாரம் ஏறணும். முட்டி வலி."

அதற்கப்புறம் கிண்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஆனால் நான் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். 'இடது' இடது பக்கம், 'வலது' வலது பக்கம் போகிறதா என்று பார்த்தேன். அவர் தவறி மாற்றி எடுத்தபோது தோளைத் தட்டித் திருத்தினேன். அப்போது எனக்கு ஏற்பட்ட திருப்தியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜாக்கியிலிருந்து இறக்கியபோதே இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"புது ஸ்பிரிங் சார். ஓட ஓட உக்காரும். அந்தப் பக்கம் கொஞ்சம் கனம் ஏத்தி ஓட்டுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அதைத்தான் செய்தேன். வீட்டில் இருந்த அரிசி மூட்டையை முன் இடது இருக்கையில் ஏற்றினேன். திருப்பத்தில் சரியக்கூடாது என்று அதற்கு சீட் பெல்ட்டும் போட்டேன். திருவையாறு வரை போய்த் திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போது மனைவி வாசலில் நின்றிருந்தாள். தன் இடத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லுமுன் எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்:

"என்ன சார், அக்காவுக்குப் பதிலா ஆள் போட்டாச்சா?"

அவள் உள்ளே போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது, "நான் கல்யாணத்துக்கு வரலை" என்றாள். "மூட்டை வரும்ல, அதைக் கூட்டிட்டுப் போங்க. பெல்ட்டு போட்டா ஒழுங்கா உக்காருது."

"அது ஸ்பிரிங் படியறதுக்கு..."

"எனக்குத் தெரியும். உங்களுக்கு எல்லாத்துக்கும் காரணம் இருக்கும்."

புதன்கிழமை காலை அந்த 712-ஐ எழுதியபோது என் நிலை இதுதான். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தணிக்கைக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தேன். முதல் கேள்வி, தரை சமமா? போர்ட்டிகோவில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சமமில்லை. மழைத்தண்ணீர் வெளியே ஓட வாட்டம் வைத்துக் கட்டச் சொன்னவன் நான்தான். அன்று கொத்தனாரோடு சண்டை போட்டு அந்த வாட்டத்தை வாங்கினேன். தெருவில் வைத்துப் பார்த்தேன். தெரு நடுவில் மேடு. சமமான தரையைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த ஊரில் தண்ணீர் எதன் மேலும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக எல்லாத் தரையையும் எங்கேயாவது ஒரு பக்கம் சாய்த்தே கட்டியிருக்கிறார்கள். இது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில் அன்றுதான் தெரிந்தது. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டப வாசல், கோயில் வளாகம் எல்லாம் சாய்வு.

கடைசியில் நினைவுக்கு வந்தது அரிசி ஆலையின் எடைமேடை. லாரியோடு நெல்லை எடை போடும் இரும்பு மேடை. அது சாய்ந்தால் எடையே தப்பிவிடும். நெல் லாரிகளின் வரிசையில் என் வண்டியும் நின்றது. என் முறை வந்து மேலே ஏற்றி நிறுத்தினேன். அறைக்குள் இருந்தவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன லோடு?"

"லோடு இல்லை. அளவு பாக்கணும்."

"எடைதான் பாப்போம். அளவெல்லாம் பாக்கறதில்லை."

"நானே பாத்துக்கிறேன். ரெண்டு நிமிஷம்."

நான்கு சக்கரத்தையும் சுற்றித் தவழ்ந்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. "யோவ், தச்சு வேலைய வீட்ல வச்சுக்க!" என்றார். எழுந்து வந்தபோது வேட்டியில் கிரீஸ். ஜன்னல்காரர் எடைச் சீட்டை அச்சிட்டு நீட்டினார். சரக்கு என்ற இடத்தில் 'காலி' என்றிருந்தது. வித்தியாசம் இப்போது 19 மில்லிமீட்டர். என் வீட்டு வாட்டம் மூன்றைக் கூட்டிக் காட்டியிருந்தது. மீதி உண்மையானது.

அங்கிருந்து பட்டறைக்கு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கீழ் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் என்று பட்டறைக்காரரே சொன்னார். தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஏறி ஆட்டிவிட்டு மறுபடி இறுக்கினார். இப்போது சக்கரத்தின் மையத்திலிருந்து மேல் வளைவு வரை அளந்தேன். இப்படி அளந்தால் தரையும் டயர் காற்றும் கணக்கில் வராது. 16.

"மூணு குறைஞ்சிருச்சு பாருங்க" என்றார்.

"பதினாறு இருக்கே."

"சார், பதினாறு மில்லி யாரு கண்ணுக்குத் தெரியும்? உங்களைத் தவிர?"

"என் சம்சாரத்தோட முட்டிக்குத் தெரியும்."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வண்டியையே பார்த்தார். ரப்பர் திண்டு இரண்டாக மடிந்திருக்கலாம் என்றார். ஸ்பிரிங்கின் முனை பள்ளத்தில் உட்காராமல் இருக்கலாம் என்றார். வண்டியின் அடிச்சட்டமே வளைந்திருக்கலாம் என்றும் சொல்லி, என் முகத்தைப் பார்த்து அதை உடனே வாபஸ் வாங்கிக்கொண்டார். இடது பக்கத்தைக் கழற்றிப் பார்த்தோம். திண்டு சரி. முனை சரி. மதியம் ஆகிவிட்டது. விற்ற சரக்கே கோளாறு என்று முடிவுகட்டி, கோபத்தோடு ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நீ அனுப்பிச்சது ஒண்ணு உசரமா இருக்கு."

"இருக்கும் மாமா. டிரைவர் பக்கத்துது கொஞ்சம் உசரமாத்தான் இருக்கும். எப்பவும் அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்திருப்பான்ல, அதுக்காக."

"டிரைவர் பக்கம் இல்லப்பா. இடது பக்கம் தூக்குது."

"ஆமா மாமா. அதான் டிரைவர் பக்கம்."

"நான் சொல்றதைக் கேளு. உங்க அத்தை உக்கார்ற பக்கம்."

"அத்தையா வண்டி ஓட்டுறாங்க?"

"நான்தான்டா ஓட்டுறேன்! நான் வலது பக்கம் உக்காந்து..."

அவன் மிக மெதுவாகக் கேட்டான்:

"மாமா, நம்ம ஊர்ல ஸ்டீயரிங் வலது பக்கம், இல்ல?"

"ஆமா."

"இங்க இடது பக்கம் மாமா."

"தெரியும்."

எனக்குத் தெரியும்தான். அவன் அனுப்பும் படங்களில் அவன் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவனுக்கும் தெரியும், நம் ஊரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டான். போன எட்டு வருடத்தில் அவனுக்கு இடதே டிரைவர் பக்கமாகிவிட்டது. அந்த ஊர் டிரைவருக்காகச் செய்த உயரமான ஸ்பிரிங்கை, என் மனைவியின் கீழே, என் கையெழுத்தோடு, மேற்பார்வை செய்து மாட்ட வைத்திருந்தேன்.

மூலையில் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினோம். நம் ஊர் வண்டியோடு வந்தவை. வலது பக்கத்துக்கு உரியது சற்று உயரம். சந்தேகத்துக்கு இடமில்லை.

"சார்" என்றார் பட்டறைக்காரர். "அன்னிக்கு நான் பாட்டுக்கு மாத்தித்தான் எடுத்தேன். நீங்கதான் தோள்ல தட்டுனீங்க."

"தெரிஞ்சா மாத்தி எடுத்தீங்க?"

"தெரிஞ்செல்லாம் இல்ல. கைல வந்ததை எடுத்தேன். ஆனா விட்டிருந்தீங்கன்னா சரியா வந்திருக்கும்ல?"

மாற்றி மாட்டி, தரையில் நிறுத்தி இறுக்கியபோது மாலை ஆகிவிட்டது. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். அதையும் என்னவென்று பார்க்கலாமா என்று நான் வாயைத் திறக்குமுன் அவர் ஷட்டரை இழுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வண்டியை வாசலில் நிறுத்தினேன். அவள் கூடத்தில் கல்யாணப் பெண்ணுக்கான பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். என்னோடு அனுப்புவதற்காக.

"இறங்கிடுச்சு" என்றேன்.

"மூட்டையா?"

"வண்டி. ஒரு தடவை உக்காந்து பாரு. முடியலைன்னா நான் ஒரு வார்த்தை பேசலை."

அவள் வெகுநேரம் முடிச்சுப் போட்டாள். பிறகு எழுந்து வாசல்வரை வந்தாள். தெருவில் யாரும் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் இருந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில், தன் செடிக்கு ஏற்கெனவே ஊற்றிய தண்ணீரை மறுபடி ஊற்றத் தொடங்கினார். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கதவுச் சட்டத்தைப் பிடித்து, சாப்பாட்டு நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொண்டாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பதற்காக இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "டீசல் போட்டாச்சா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் என் கண் நனைந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைத்துக்கொண்டேன்.

பாத்திர மூட்டைகளையும், அவள் அக்காவுக்கான அரிசியையும் பின்னால் ஏற்றிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு டீசல் போடக் கிளம்பினேன். எங்கள் தெரு முனையில் குடியிருப்போரே சேர்ந்து போட்ட வேகத்தடை ஒன்று இருக்கிறது. ஒரு விபத்துக்குப் பிறகு ஆத்திரத்தில் போட்டது. அதனால் வயல் வரப்பைப்போல் உயரம். அதில் முன் சக்கரம் ஏறி இறங்கியதும், வண்டியின் வயிற்றில் கரகரவென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல."

"வண்டி அடியில கிழியுது, ஒண்ணுமில்லையா?"

தாழ்த்திய நாற்பது, ஏற்றிய அரிசி, பாத்திரம், நாங்கள் இரண்டு பேர். நாற்காலியை அளந்தவன் இந்த மேட்டை அளக்கவில்லை. திரும்பி வரும்போதும் அதே சத்தம். அரிசியை இறக்கலாமா, பாத்திரத்தைப் பஸ்ஸில் அனுப்பலாமா, நான் இல்லாமல் வண்டி மட்டும் போக வழி உண்டா என்று சாப்பிடும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டுப்புடவையை எடுத்து வெளியே தொங்கவிட்டாள்.

மறுநாள் இருட்டு பிரியுமுன் கிளம்பினோம். வேகத்தடைக்குச் சற்று முன்னால் வந்ததும், அவள் "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். கதவைத் திறந்து, காலை ஒவ்வொன்றாக வெளியே வைத்து, தானே எழுந்து நின்றாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு மேட்டைத் தாண்டி மெதுவாக நடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக, வண்டியை ஏற்றி இறக்கினேன். சத்தம் வரவில்லை. பால் வாங்கிக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரர், "அக்கா, கை குடுக்கட்டுமா?" என்று சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

"வேணாம், நான் ஏறிக்குவேன்" என்று சொல்லி, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தினாள்.